ஒரு புள்ளிக்கு ஓர் அம்பு

பிலோமினா டீச்சர் காலமான செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் அவருடைய தம்பி அந்தோணி. அவரைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. பாலக்கரையில் இருக்கும் அந்தோணி, காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு அதுவரை வந்ததே இல்லை. நானும் அவரும் முகம் கொடுத்துப் பேசிப் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். பங்குனி வெயிலுக்குப் பயந்து நான் குடையைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் சைக்கிளைக் கையில் பிடித்தபடியே நின்றார். ஸ்டாண்டு போட்டு நிறுத்தக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"டீச்சர், அக்கா போயிட்டாங்க," என்றார். "விடிகாலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. டாக்டரைக் கூட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. உங்களுக்கு நேர்ல வந்து சொல்லணும்னு தோணுச்சு. சாயங்காலம் அடக்கம்."

"வரேன்," என்று மட்டும் சொன்னேன். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

நம் பள்ளியில் படித்தவர்களுக்கு பிலோமினா என்றால் டிரில் டீச்சர். கழுத்தில் விசில், காலில் வெள்ளைக் கான்வாஸ் ஷூ, வரிசையில் யாராவது நெளிந்தால் பார்க்கிற ஒரு பார்வை. அந்தப் பார்வைக்கு விசிலே தேவலை என்று பெண்கள் சொல்வார்கள். நான் அதே பள்ளியில் கணக்கு டீச்சர். நான் சொல்ல வந்தது வில் பிடித்த பிலோமினாவைப் பற்றி. உங்களில் பலர் அவரிடம் அம்பு விடக் கற்றிருக்கிறீர்கள். ஆனால் அந்த அம்புகள் மூங்கிலாக மாறிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்காது. அது ஓர் உடைப்பில் தொடங்கிய கதை.

ஐம்பதுகளின் நடுவில், இங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் தம் ஊருக்குத் திரும்பும்போது, தம்முடைய வில்லையும் எட்டு அம்புகளையும் பிலோமினாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரே நீளம், ஒரே எடை, வழவழப்பான மரத்தண்டு, பின்னால் வான்கோழி இறகு. அந்த மாதிரி அம்பு அப்போது திருச்சியில் எந்தக் கடையிலும் கிடைக்காது. மறுநாள் பிலோமினா ஆசிரியர் அறையில் என்னிடம் வந்து, "டீச்சர், உங்களுக்குக் கோடு நேரா போடத் தெரியும். சாயங்காலம் என்கூட வாங்க," என்றார். கோடு போடுவதற்கும் அம்பு விடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. ஆனாலும் போனேன். நாங்கள் இருவரும் கடைசி வரை ஒருவரையொருவர் "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம்.

நாங்கள் முதலில் கற்றது அம்பு விடுவதை அல்ல, அம்பு எப்படியெல்லாம் வீணாகும் என்பதை. இலக்குக்கு என்ன வைப்பது என்று தெரியாமல், கிணற்றில் இறைக்கும் பழைய தேங்காய்நார்க் கயிற்றைப் பெரிய வட்டமாகச் சுற்றித் தைத்தார் பிலோமினா. பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அம்பு போய் "தொப்" என்று நின்றது. அப்புறம் வரவே இல்லை. நார் அதை அப்படிப் பிடித்துக்கொண்டது. இருவரும் சேர்ந்து இழுத்ததில் தண்டு நடுவில் முறிந்து, பாதி என் கையோடு வந்தது. நான் பள்ளி மைதானத்து மணலில் மல்லாந்து விழுந்தேன். பிலோமினா முதலில் அம்பைப் பார்த்து, "ஐயோ!" என்றார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

அதற்குப் பின் வைக்கோலுக்கு மாறினோம். வைக்கோலைப் பிரியாகத் திரித்து வட்டமாகச் சுற்றினால் பெரிய பானைக்கு வைக்கிற பிரிமணை மாதிரி ஆயிற்று. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வைக்கோல் அம்பைத் தாங்கும், கேட்டால் விட்டும் கொடுக்கும். எடுக்கும்போதும் ஒரு முறை உண்டு. இடது கையால் வைக்கோலை அழுத்திக்கொண்டு, வலது கையால் அம்பை அது புகுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பிடித்து, போன வழியே நேராக இழுக்க வேண்டும். வால் பக்கம் பிடித்து ஆட்டினால் போச்சு. மணலில் விழுந்ததைக் கையால் மணலைத் தள்ளித்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நாணில் பூட்டுவதற்கு முன் அம்பைக் காதருகே வைத்து லேசாக வளைத்துப் பார்ப்பார் பிலோமினா. "விரிசல் இருந்தா அது முனகும் டீச்சர். அதை மீறி விட்டா நம்ம கையைத்தான் குத்தும்," என்பார்.

இவ்வளவு பார்த்தும் பள்ளிச் சுவரில் பட்டு இன்னொன்று முனை மழுங்கி வெடித்தது. எட்டு ஆறாயிற்று. அந்தச் சமயத்தில்தான் சென்னையில் கோடை விடுமுறையில் பெண்களுக்கும் வில் போட்டி வைக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. கலந்துகொள்பவர் ஆறு அம்புகள் கொண்டுவர வேண்டும். பிலோமினா அந்தச் செய்தியை என்னிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினார். எதற்கும் ஆசைப்படாத மாதிரி நடந்துகொள்கிற மனுஷி அவர். அன்று அவர் முகத்தில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது. கையில் இருப்பது சரியாக ஆறு. ஒன்று உடைந்தாலும் அதே தரத்தில் மாற்று கிடையாது.

"பேசாம பெட்டியில வெச்சுப் பூட்டுங்கோ. போட்டி அன்னிக்கு எடுத்துக்கலாம்," என்று யோசனை சொன்னேன்.

"ஊறுகாயா போடப்போறோம்? இந்த அம்போட பழகாம அங்க போய் நின்னா கை என்ன பண்ணும்? உடையாம பழகணும், அவ்வளவுதான்."

உடையாமல் பழகுவதில் ஒரு சங்கடம் இருந்தது. அவருடைய குறி நன்றாக அமைய அமைய அம்புகள் ஒன்றையொன்று உரசின. நன்றாக விடுகிறவருக்குத்தான் அம்பு சீக்கிரம் உடையும் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அதற்கு வழி கண்டுபிடித்தவள் நான். பிரிமணையின் மேல் கோணிப்பையை விரித்து, அரிசி மாவால் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி ஆறு புள்ளி வைத்தேன். ஒரு புள்ளிக்கு ஓர் அம்பு. ஒன்றில் அம்பு நின்றுவிட்டால் அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது, அடுத்த புள்ளிக்குப் போய்விட வேண்டும். பிலோமினா துள்ளிக் குதித்தார். "கணக்கு டீச்சரை எதுக்குக் கூட்டியாந்தேன்னு இப்பத் தெரியுதா?" என்றார். மாசியில் காவிரி வற்றி மணல் திறந்ததும் அங்கே போய்விட்டோம். மறுநாளே ஓர் ஆடு வந்து மாவை நக்கிவிட்டு, பிரிமணையிலும் ஓரத்தைக் கடித்துத் தின்றுவிட்டுப் போயிற்று. பிறகு சுண்ணாம்புப் புள்ளி வைத்தோம்.

இறகு விஷயம் தனி. வைக்கோலுக்குள் ஊடுருவிப் போய் வந்தால் இறகு நலுங்கிப் படுத்துவிடும். ஆவியில் காட்டினால் மறுபடி விரிந்து நிற்கும் என்று அந்த வெள்ளைக்கார அம்மாள் சொல்லியிருந்தாராம். பிலோமினா வீட்டில் இட்லிப்பானை ஆவியில் காட்டுவார். ஒரு நாள் அவர் வேலையாக இருந்ததால் அம்புகளை நான் எடுத்து வந்தேன். எங்கள் அகத்தில் என் மாமியார் மடியும் ஆசாரமுமாக இருப்பவர். நான் யோசிக்காமல் சமையலறை அடுப்பில் இருந்த பானைக்கு மேலே அம்பைப் பிடித்துவிட்டேன். பின்னால் திரும்பினால் அவர்.

"ஏண்டி வைதேகி! தளிகை உள்ளுல பட்சி இறகா? பெருமாளே! இன்னிக்குத் தளிகை பண்ணினதெல்லாம் என்னாறது?"

சமைத்தது அத்தனையும் கொல்லையில் கொட்டப்பட்டது. அன்று மதியம் எல்லோருக்கும் மோர்தான். எனக்கும் வாய் சும்மா இருக்காது. "பெருமாளுக்கு வாகனமே பட்சிதானே, கருடனை வாசலிலேயே நிறுத்திடுவேளா?" என்று கேட்டுவிட்டேன். என் மாமியார் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாயங்காலம் மணலில் இதைப் பெருமையாகச் சொன்னேன். இன்னும் இரண்டு பதில்கள் யோசித்து வைத்திருப்பதாகவும், வீட்டுக்குப் போனதும் சொல்லப் போவதாகவும் சொன்னேன்.

பிலோமினா சிரிக்கவில்லை. நாணைத் தளர்த்திக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு போய் நின்னாச்சுல்ல டீச்சர்? அங்கேயே இன்னொண்ணு விடாதீங்க. முதல்ல போனதும் உடையும், இப்பப் போறதும் உடையும். வேற புள்ளி பாருங்க."

வேறு புள்ளி பார்த்தேன். அந்த இரண்டு பதில்களையும் விழுங்கிவிட்டு, கொல்லையில் வெந்நீர் அண்டாவின் ஆவியில் இறகு காட்டிக்கொள்ளலாமா என்று மாமியாரிடம் கேட்டேன். மறுநாள் அண்டா வழக்கத்தைவிடச் சீக்கிரமே கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கடுத்த வாரம், குறி தப்பிய அம்பு கரைக் கல்லில் மோதாமல் இருக்கப் பின்னால் ஒரு துணி தொங்கவிட வேண்டியிருக்கிறது என்று நான் என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது மாமியார் காதில் விழுந்திருக்கிறது. தம்முடைய பழைய பதினெட்டு முழப் புடவையைக் கொண்டுவந்து வைத்தார். "கிழிஞ்சா கிழியட்டும். தளர்த்திக் கட்டச் சொல்லு அவளை. இறுக்கினா ஒரே நாள்தான் வரும்." அம்பைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் எப்படி அவ்வளவு சரியாகச் சொன்னார் என்று பிலோமினாவுக்கு ஆச்சரியம். தளர்வாகத் தொங்கிய அந்தப் புடவை, தவறிப் போன அம்பையெல்லாம் மடியில் வாங்கிக் கீழே விட்டது.

சித்திரை பிறந்தது. போட்டிக்குச் சில நாட்களே இருந்தன. சாயங்காலத்தில் மணலுக்குக் காற்று வாங்க வருகிறவர்கள் எங்களைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பது பழகிவிட்டது. அன்று கூட்டம் கொஞ்சம் அதிகம். பிலோமினாவுக்குக் கை அப்படிக் கூடிவந்திருந்தது. விட்டதெல்லாம் புள்ளியின் நடுவில். கூட்டத்திலிருந்து யாரோ, "அதே புள்ளியில இன்னொண்ணு அடிங்க பார்ப்போம்!" என்று குரல் கொடுத்தார்கள். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எத்தனை மாதம் அடக்கி வைத்த கை அது! அந்த ஒரு தடவை தன்னால் முடியுமா என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருந்திருக்கும். நாணை இழுத்தார், விட்டார்.

முடிந்தது. இரண்டாவது அம்பு முதலாவதன் வாலிலேயே போய் ஏறி, அதை நெடுக வகிர்ந்துகொண்டு நின்றது. அதன் முனையும் கழன்று தொங்கியது. ஜனங்கள் கைதட்டினார்கள், சிலர் விசிலடித்தார்கள். பிலோமினா வில்லை இறக்கிவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்தார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மிச்சம் நான்கு.

அன்று அவரை நான்தான் பாலக்கரை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அந்தோணி விஷயத்தைக் கேட்டதும், "ஆண்டவராப் பார்த்து உடைச்சிட்டாரு. வில்லும் அம்புமா ஒரு பொம்பளை ரயிலேறி மெட்ராஸ் போறதாவது! பேசாம வீட்ல இருங்க அக்கா," என்றார். தாய் தகப்பன் இல்லாத அவரைப் படிக்க வைத்து, வேலையில் சேரும் வரை தூக்கி நிறுத்தியவர் பிலோமினா. கல்யாணம் என்ற பேச்சே எடுக்காமல் அவருக்காகவே இருந்தவர். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "அக்கா நிழல்ல நின்னு வளர்ந்துட்டு, அக்காவையே வெயில்ல நிக்க வெக்கறேளே! வெக்கமா இல்லை?" என்று கேட்டேன். அந்தோணி முகம் வெளுத்துவிட்டது. எழுந்து உள்ளே போனார். அன்றோடு எங்கள் பேச்சு நின்றது.

வாசல் வரை வந்த பிலோமினா, "சரியான இடத்துலதான் அடிச்சீங்க. ஆனா அதோட விட்டுருங்க டீச்சர். அவன் என் தம்பி," என்றார்.

நான் பழகுவதற்கென்று நாங்களே செய்துகொண்ட மூங்கில் அம்புகள் சில இருந்தன. உப்பிலியபுரம் பக்கம் பச்சைமலை அடிவாரத்திலிருந்து வரும் மெல்லிய மூங்கில், தணலில் வாட்டி நேராக்கி, வாத்து இறகு ஒட்டியது. மறுநாள் பிலோமினா அதில் இரண்டை எடுத்துக்கொண்டார். ஒன்று இடது பக்கம் விலகி ஓடும். இன்னொன்று கனம், சீக்கிரம் தாழ்ந்துவிடும். "ஒண்ணு முரட்டுப் பிள்ளை, ஒண்ணு சோம்பேறிப் பிள்ளை. வகுப்புல இல்லாததா?" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த நாட்களில் அந்த இரண்டின் குணத்தையும் படித்தார். சென்னைக்குத் துணைக்கு அந்தோணி வரமாட்டேன் என்றதைக் கேட்ட என் மாமியார், "அவ தனியாப் போவாளா? நீ கூடப் போய்ட்டு வாடி," என்றார். புளியோதரையும் கட்டிக் கொடுத்தார்.

சென்னை மைதானத்தில் ஆறு புள்ளி கிடையாது. ஒரே வட்டம், ஒரே நடு. நல்ல அம்பு நான்கும் அங்கேதான் போய் முட்டிக்கொள்ளும். "டீச்சர், பார்த்து. மறுபடி உடைஞ்சுடப் போறது," என்றேன்.

அவர் அம்பைக் காதில் வைத்து வளைத்துக் கேட்டுக்கொண்டே சொன்னார்: "இன்னிக்கு உடையலாம். இதுக்குத்தானே காப்பாத்தினோம்?"

அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். கஞ்சத்தனம், பயம் ஒன்றும் இல்லை அதில். நடுவைப் பார்த்தே விட்டார். நல்ல அம்பில் இன்னொன்றும் வால் சிதறியது. அதை எடுத்து என்னிடம் காட்டிச் சிரித்தார். அதோடு அது முடிந்தது என்று, மாற்றுக்காகப் பையில் போட்டு வந்திருந்த இன்னொரு மூங்கில் அம்பை எடுத்துக்கொண்டார். போட்டியில் மூன்றாவதாக வந்தார். மெடல் எல்லாம் இல்லை, ஓர் எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். அவர் நின்ற இடத்தைச் சுற்றிக் கூடியவர்கள் டம்ளரைப் பார்க்க வரவில்லை. மூங்கில் அம்பைப் பார்க்க வந்தார்கள். எங்கே வாங்கினீர்கள் என்று நடுவர் கேட்டார். "வாங்கலைங்க, நாங்களே பண்ணினது," என்றபோது பிலோமினா குரலில் இருந்த மிடுக்கு டம்ளர் வாங்கும்போதுகூட இல்லை.

திரும்பும்போது ரயிலில் அவர் பேசியதெல்லாம் மூங்கிலைப் பற்றித்தான். "எட்டே அம்புன்னு இருந்ததால பொண்ணுங்க யாரையும் தொட விடலை நான். மூங்கில்னா உடைஞ்சா இன்னொண்ணு பண்ணிக்கலாம். எல்லாரும் விடலாம் டீச்சர்!" பள்ளி திறந்ததும் மாணவிகளை மணலுக்குக் கூட்டிவந்தார். அது உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் அவர்கள். அம்பு செய்யவும், நலுங்காமல் எடுக்கவும், காதில் வைத்துக் கேட்கவும் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் இருந்த வரை காவிரி மணலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரிமணை இல்லாத கோடை இல்லை.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். மண் போட்டு எல்லோரும் கலைந்த பிறகு அந்தோணி என்னிடம் வந்தார். கைக்குட்டையை மடித்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"அன்னிக்கு மெட்ராஸ் போகக் கூடாதுன்னு நான் பேசினதுக்கு அக்கா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலை டீச்சர். நீங்க சொன்னீங்க. அது இன்னும் இங்கதான் இருக்கு," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "சொன்னதும் சரிதான்."

என் நாக்கு எனக்குத் தெரியும். பத்து வருஷமாக அவருக்கென்று தீட்டி வைத்தது எத்தனையோ இருந்தது. அக்கா போன பிறகுதான் இது தெரிந்ததா என்ற ஒன்று உதட்டு வரை வந்துவிட்டது. அவர் நின்ற நிலையில் அது தவறியிருக்காது. ஆனால் அங்கே ஏற்கெனவே ஒன்று நின்றுகொண்டிருந்தது. வேறு புள்ளி பார்த்தேன்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மணலுக்கு வாங்கோ. பிரிமணை கட்ட ஆள் வேணும்," என்றேன்.

வந்தார். வைக்கோலைத் திரித்து அவர் சுற்றச் சுற்ற நான் தைத்தேன். மாமியாரின் புடவை எப்போதோ நைந்து போயிற்று. அதன் இடத்தில் தொங்கவிட பிலோமினாவின் வெள்ளைச் சேலை ஒன்றை அவர் கொண்டுவந்திருந்தார். அதை இறுக்கி இழுத்துக் கட்டப் போனவரிடம், "தளர்த்திக் கட்டுங்கோ," என்றேன். பெண்கள் வரிசையில் நின்று, மூங்கில் அம்பைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, ஆளுக்கொரு புள்ளியைப் பார்த்து நாணை இழுத்தார்கள்.

பிலோமினாவின் வில் இப்போது பள்ளியில் இருக்கிறது. எவர்சில்வர் டம்ளர் அந்தோணி வீட்டில் இருக்கிறது. எனக்கு இருப்பது அன்று மயானத்தில் நான் விடாமல் வைத்துக்கொண்ட அந்த ஓர் அம்புதான். அது உடையாமல் இருக்கிறது, அந்தோணியும் ஞாயிறு தவறாமல் வருகிறார்.